நடுக்கடலில் கரண்ட் கட்!

வீட்டில் கரண்ட் போனால் நாம் முதலில் செய்கிற காரியம் என்ன? மெழுகுவத்தி தேடுவதா? இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது. எதிர்வீட்டிலும் இருட்டு என்றால் ஒரு திருப்தி. ‘அப்பாடா, எல்லாருக்கும்தான் போயிருக்கு’ என்று விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம். எதிர்வீட்டில் பளிச்சென்று விளக்கு எரிந்து நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தால்தான் நிஜமான கவலை ஆரம்பம்.

போர்க்கப்பலில் எதிர்வீடு கிடையாது. ஈ.பி. ஆபீஸ் கிடையாது. ‘லைன்மேன் வெளியே போயிருக்கார் ஸார்’ என்று போனில் சொல்லக்கூட ஆள் கிடையாது. நாலு பக்கமும் கடல். கரண்டைத் தயாரிப்பதும் அவர்கள்தான், செலவழிப்பதும் அவர்கள்தான், காணாமல் போனால் தேடிப் பிடிப்பதும் அவர்களேதான்.

பி.காம். படித்த எனக்குக் கரண்ட் என்றாலே கரண்ட் அக்கவுண்ட்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் போர்க்கப்பல்களில் மின்சாரம் போன கதைகளைப் படிக்கப் படிக்க, இது வெறும் எலக்ட்ரிகல் சமாசாரம் இல்லை, அசல் கணக்குவழக்குச் சமாசாரம் என்று தோன்றுகிறது. கையிருப்பு எவ்வளவு? அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறோம்? ஒதுக்கி வைத்ததும் அதே பெட்டியில்தான் இருக்கிறதா?

இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதில் ஒரு மாபெரும் கப்பலே மூழ்கியிருக்கிறது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கப்பலுக்குள் ஒரு சின்ன ரவுண்டு போய் வந்துவிடலாம்.

சத்தம் நின்றால் சங்கடம்

போர்க்கப்பலுக்குள் எந்நேரமும் ‘ஹூம்ம்ம்’ என்று ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். காற்றைத் தள்ளும் விசிறிகள், பம்ப்புகள், ஏ.ஸி. மெஷின்கள், கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து போடும் சத்தம். நாலு நாள் பழகிவிட்டால் அது காதிலேயே விழாது. மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. கரண்ட் போனால் அந்தச் சத்தம் நிற்கும். அசந்து தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். நமக்குச் சத்தம் கேட்டால் விழிப்பு வரும்; அவர்களுக்குச் சத்தம் நின்றால்!

கப்பலின் கீழ்த்தளங்களில் ஜன்னல் என்கிற பேச்சே கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே கும்மிருட்டுதான். அதனால் முக்கியமான இடங்களில் எல்லாம் சுவரில் பாட்டரி விளக்குகளைப் பொருத்தி வைத்திருப்பார்கள். மெயின் கரண்ட் இருக்கிறவரை அவை தூங்கும். கரண்ட் நின்றதும் தானாக எரிய ஆரம்பிக்கும். நம் வீட்டு எமர்ஜென்ஸி லாம்ப்புக்கு ராணுவத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு போனால் பரவாயில்லை. கூடவே வேறென்னவெல்லாம் போகிறது? சுக்கானைத் திருப்புவது மோட்டார். அது நின்றால் கப்பல் போன திசையிலேயே போகும். ராடார் குருடு. வயர்லெஸ் ஊமை. பீரங்கி திரும்பாது. குண்டை மேலே கொண்டுவரும் லிஃப்ட் பாதியில் நிற்கும். தீயணைக்கக் கடல் தண்ணீரை இழுக்கும் பம்ப், புகுந்த தண்ணீரை வெளியேற்றும் பம்ப், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின் எல்லாம் அம்போ. சமையலறையில் சோறு வேகாது என்பது இந்தப் பட்டியலில் கடைசி வரி.

ஒரு கப்பல் மூழ்கினால் காரணம் ஓட்டைதான், கரண்ட் இல்லை. ஆனால் அந்த ஓட்டையோடு போராடப் பம்ப் வேண்டும், பம்ப்புக்குக் கரண்ட் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

மூணு ஜெனரேட்டர், மூணு மூலை

அமெரிக்காவின் ‘ஆர்லி பர்க்’ ரக நாசகாரிக் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் முதல் கப்பல் சேவைக்கு வந்தது. அதில் மூன்று ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றும் 2,500 கிலோவாட். பொதுவாக இரண்டு ஓடினாலே கப்பலுக்குப் போதும். மூன்றாவது ‘கூப்பிட்டால் வருகிறேன்’ என்று காத்திருக்கும்.

மூன்றையும் ஒரே அறையில் வைத்தால் பராமரிப்பு சுலபம். ஆனால் அப்படி வைக்க மாட்டார்கள். கப்பலின் நீளவாக்கில் வெவ்வேறு அறைகளில் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரே அடியில் மூன்றும் போய்விடக் கூடாது பாருங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே சிட்ஃபண்டில் போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

இன்னொரு சூட்சுமம். சாதாரண நாட்களில் ஜெனரேட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டலாம். சண்டை வரும் என்றால் பிரித்துவிடுவார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி. ஒரு பக்கம் ஷார்ட் ஆனால் அது மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

சுக்கான் மோட்டார் போன்ற ‘வி.ஐ.பி.’களுக்கு இரண்டு வழியில் கரண்ட் வரும். ஒரு வழி செத்தால் அடுத்த வழிக்குத் தானாக மாற்றிவிடும் ஸ்விட்ச் உண்டு. அதோடு, நம் வீட்டு வயரிங் போல் இல்லாமல் போர்க்கப்பலின் பவர் லைனைக் கப்பலின் உடம்போடு ‘எர்த்’ செய்யாமலே விட்டிருப்பார்கள். ஒரு வயர் அறுந்து இரும்புச் சுவரில் பட்டால்கூட ஃப்யூஸ் போகாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சண்டை முடிந்தபிறகு பழுதைத் தேடிக்கொள்ளலாம்.

“அது சரி ஸார், இவ்வளவு முன்ஜாக்கிரதை இவர்களுக்கு எப்படி வந்தது?”

அடிபட்டுத்தான் வந்தது.

எங்கே ஆர்க் ராயல்?

எச்.எம்.எஸ். ஆர்க் ராயல். 1938-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல். 1941 மே மாதம் ஜெர்மனியின் ‘பிஸ்மார்க்’ போர்க்கப்பலின் சுக்கானை டார்பிடோவால் முடக்கியது இதிலிருந்து கிளம்பிய விமானம்தான். ஜெர்மானியர்களுக்கு இதன்மேல் அப்படி ஒரு காதல். ‘ஆர்க் ராயலை மூழ்கடித்துவிட்டோம்’ என்று அடிக்கடி அறிவிப்பார்கள். அது பாட்டுக்கு மறுநாளும் மிதந்துகொண்டிருக்கும்.

1941 நவம்பர் 13. மால்டாவுக்கு விமானங்களை அனுப்பிவிட்டு ஜிப்ரால்டர் திரும்பிக்கொண்டிருந்தது. துறைமுகம் கிட்டத்தட்ட முப்பது மைல்தான். பிற்பகல் 3.41. யு-81 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி விட்ட ஒரே ஒரு டார்பிடோ வலது பக்க வயிற்றில் பாய்ந்தது.

ஒன்றே ஒன்று! அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒரு டார்பிடோ உயிர் போகிற அடி இல்லை. ஆனால் அது பட்ட இடம் பொல்லாத இடம். வலது பாய்லர் அறை, மெயின் ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றிலும் தண்ணீர். கப்பலுக்குள் பேசிக்கொள்ளும் போன் லைன்களும் காலி.

காப்டன் ‘இன்ஜினை நிறுத்து’ என்று உத்தரவு போட்டார். யாருக்குக் கேட்கும்? லைன் செத்துவிட்டது. கடைசியில் ஒரு ஆளை இன்ஜின் அறைக்கு ஓடவிட்டார்கள். அவர் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சொல்லி இன்ஜினை நிறுத்துவதற்குள் கப்பல் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுகிற வேகத்தில் தண்ணீர் முட்டி, ஓட்டை அகலமாகிக்கொண்டே போனது. இருபது நிமிஷத்துக்குள் கப்பல் 18 டிகிரி சாய்ந்துவிட்டது. ஓட்டையின் நீளம் 130 அடி என்று பிற்பாடு கணக்கெடுத்தார்கள்.

இப்போது கணக்குப்பிள்ளைக் கண்ணோடு பாருங்கள். ஆர்க் ராயலில் கரண்ட் எதிலிருந்து வருகிறது? டைனமோவிலிருந்து. டைனமோ எதில் சுற்றுகிறது? நீராவியில். நீராவி எங்கிருந்து? பாய்லரிலிருந்து. பாய்லர்தான் தண்ணீருக்குள் போய்விட்டதே! ‘நீராவி போனால் போகட்டும், நான் இருக்கிறேன்’ என்று சொல்லத் தனியாக ஒரு டீசல் ஜெனரேட்டர் அந்தக் கப்பலில் இல்லை. சேமிப்பு முழுவதும் ஒரே பாங்க்கில். பாங்க் திவால்.

‘லஃபோரி’ என்ற நாசகாரிக் கப்பல் பக்கத்தில் வந்து நின்று கரண்டும் தண்ணீரும் கொடுத்தது. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்கிற கதைதான். அதை வைத்து ராத்திரி ஒரு பாய்லரை மூட்டி, பம்ப்பை ஓட்டினார்கள். கப்பல் பிழைத்துவிடும் போலத்தான் இருந்தது. அதிகாலை இரண்டேகாலுக்குப் பாய்லர் அறையில் தீ. மறுபடி கரண்ட் போனது. பம்ப் நின்றது. சாய்வு கூடியது. நாலரைக்கு மிச்சமிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். 14-ம் தேதி காலை 6.19-க்கு ஆர்க் ராயல் கவிழ்ந்து மூழ்கியது.

கப்பலில் இருந்தவர்கள் 1,488 பேர். இறந்தவர் ஒருவர். அந்த வகையில் புண்ணியம்.

பிறகு விசாரணை. ஓட்டை விழுந்து பதினாலரை மணி நேரம் மிதந்த கப்பல் ஏன் பிழைக்கவில்லை? மாற்று மின்சாரம் இல்லாதது டிசைனிலேயே பெரிய குறை என்றது கமிட்டி. சேதத்தைச் சமாளிக்க வேண்டிய ஆட்களைக் கப்பலில் நிறுத்தி வைக்கவில்லை, கப்பலைத் தயார் நிலையில் வைத்திருக்கவில்லை என்று காப்டன் லோபன் மாண்ட் 1942-ல் ராணுவ கோர்ட்டில் நின்றார். குற்றவாளி என்று தீர்ப்பு. கப்பலில் டீசல் ஜெனரேட்டர் வைக்காமல் படம் போட்டவர் அவர் இல்லை. ஆனாலும் கூண்டில் ஏறியவர் அவர்தான். ஆபீஸ்களில் நடப்பதுதானே!

பேசினால் போதும்

ஆர்க் ராயல் காப்டனின் குரல் இன்ஜின் அறைக்குப் போயிருந்தால்? அதற்கு ஒரு போன் இருக்கிறது. கரண்டே வேண்டாத போன். பாட்டரியும் வேண்டாம்.

வாயருகே வைத்துப் பேசினால், பேச்சின் அதிர்வில் உள்ளே மெல்லிய தகடு ஆடும். அது ஆடும்போது காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து துளியூண்டு கரண்டைப் பிறப்பிக்கும். அந்தத் துளி கரண்டே வயர் வழியாகப் போய் அந்தப் பக்கத்துத் தகடை ஆட்டும். பேசுகிற ஆளே பவர் ஹவுஸ்! கத்தினால் கொஞ்சம் ஜாஸ்தி கரண்ட். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கப்பல்களில் புழங்கிய இந்தச் சமாசாரம், கம்ப்யூட்டர் நிரம்பிய இன்றைய கப்பல்களிலும் மாட்டியிருக்கிறது. கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. வராதது நல்லதுக்கே.

அடுத்தது கேபிள். சுவருக்குள் ஓடும் நிரந்தர வயரிங் குண்டடியில் அறுந்துவிட்டது. அந்தப் பக்கம் பம்ப் நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கம் ஜெனரேட்டரும் நன்றாக இருக்கிறது. நடுவில்தான் பாலம் இல்லை. அப்போது கையால் தூக்கிக்கொண்டு போய் மாட்டும் தடிமனான கேபிள்களை எடுப்பார்கள். அமெரிக்கக் கப்பல்களில் இவற்றுக்கென்றே சுவருக்குச் சுவர், தளத்துக்குத் தளம் இரும்பில் முனைகள் பதித்திருப்பார்கள். கேபிளைக் கதவு வழியாக இழுத்தால் கதவை மூட முடியாது. கதவை மூடாவிட்டால் தண்ணீர் வரும். அதனால் சுவரின் இந்தப் பக்கத்து முனையில் ஒரு கேபிள், அந்தப் பக்கத்து முனையில் அடுத்த கேபிள். சுவரைத் துளைக்காமலே கரண்ட் தாண்டிப் போய்விடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்று ஃபேஸுக்கு மூன்று வயர். கருப்பு, வெள்ளை, சிவப்பு. மாற்றி மாட்டினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பம்ப் வேலை செய்யாது. ஆனால் கும்மிருட்டில், புகைக்கு நடுவில், கருப்பாவது சிவப்பாவது! அதனால் ஒவ்வொரு வயரின் நுனியிலும் நூல் சுற்றி வைத்திருப்பார்கள். முதல் வயரில் ஒரு சுற்று. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. சுவரில் இருக்கும் முனைகளிலும் அதேபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று புடைப்புகள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்து மாட்டிவிடலாம்.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொண்டு, கரண்ட் வேண்டிய பம்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஜெனரேட்டர் பக்கம் வர வேண்டும். எதிர்த்திசையில் ஆரம்பித்தால் கையில் இருக்கும் கேபிளில் எந்த நேரமும் கரண்ட் பாயலாம். கடைசி முனையை மாட்டி, எல்லாரும் விலகிய பிறகுதான் ஸ்விட்ச். கோயில் திருவிழாவுக்குச் சீரியல் லைட் போடுகிறவர்களும் இதை ஒரு தரம் படித்து வைத்துக்கொள்ளலாம்.

ஃப்யூஸ் கட்டையில் தடிக்கம்பி

அடிக்கடி ஃப்யூஸ் போகிறதே என்று, ‘இனிமே எப்படிப் போகுதுன்னு பார்த்துடறேன்’ என்று ஃப்யூஸ் கட்டையில் தடிக்கம்பியைச் சுற்றுகிற மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அமெரிக்கப் போர்க்கப்பலிலும் ஒருவர் இருந்ததாகச் சரித்திரம் சொல்கிறது.

1942 நவம்பர் 14-ம் தேதி இரவு. ஆர்க் ராயல் மூழ்கிச் சரியாக ஒரு வருஷம். இடம், பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவுக்குப் பக்கம். ‘வாஷிங்டன்’, ‘சௌத் டகோட்டா’ என்ற இரண்டு பெரிய அமெரிக்கப் போர்க்கப்பல்கள், நாலு நாசகாரிகள். எதிரே ஜப்பானியக் கப்பல்கள். சண்டை ஆரம்பித்த சூட்டில் சௌத் டகோட்டாவில் கரண்ட் அவுட்!

ஓட்டை விழவில்லை. பாய்லர் முழுகவில்லை. சண்டை நேரத்தில் சர்க்யூட் பிரேக்கர் விழுந்துவிடக் கூடாது என்று தலைமை இன்ஜினியர் விதியை மீறி அதை விழாதபடி பூட்டி வைத்திருந்தாராம். பிரேக்கரின் வேலையே விழுவதுதான். ஒரு இடத்தில் கோளாறு என்றால் அந்தக் கிளையை மட்டும் வெட்டிவிட்டு மரத்தைக் காப்பாற்றுவது. கிளையை வெட்ட விடாததால் கோளாறு வேர் வரைக்கும் போனது. ராடார், வயர்லெஸ், பெரும்பாலான பீரங்கிகள் எல்லாம் ஸ்தம்பித்தன.

கரண்ட் போனது சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போய்விட்டது. எரிகிற தோழமைக் கப்பல்களின் வெளிச்சத்தில் சௌத் டகோட்டாவின் உருவம் ஜப்பானியருக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் போனதும் ஸர்ச் லைட் போட்டு அடித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள். சுமார் நாற்பது பேர் பலி.

ஜப்பானியர்கள் இதையே அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் கவனிக்காத வாஷிங்டன் இருட்டில் ராடாரை நம்பிச் சுட்டு ‘கிரிஷிமா’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை முடித்தது. ஒரே இரவு, ஒரே கடல். ராடாருக்குக் கரண்ட் இருந்த கப்பல் ஜெயித்தது. இல்லாத கப்பல் அடி வாங்கியது.

மறுபடி ஸ்டார்ட்

சரி, எல்லா ஜெனரேட்டரும் நின்றுபோய்க் கப்பல் முழுக்க இருட்டு. ஒரு ஜெனரேட்டரைக் கிளப்ப எண்ணெய் பம்ப் ஓட வேண்டும். எண்ணெய் பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும். கரண்ட் வர ஜெனரேட்டர் ஓட வேண்டும். ‘கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும்’ கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கடற்படைக்காரர்கள் கரண்டே சம்பந்தப்படாத ஒரு சொத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். காற்று! சிலிண்டர்களில் அழுத்தமாக அடைத்து வைத்த காற்று. அதைத் திறந்துவிட்டால் அந்த வேகத்தில் இன்ஜின் சுற்றிக் கிளம்பிவிடும்.

கிளம்பியதும் ‘அப்பாடா’ என்று எல்லா ஸ்விட்சையும் போட்டுவிடக் கூடாது. நம் தெருவில் கரண்ட் வந்த அடுத்த நிமிஷம் மறுபடி போகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அத்தனை வீட்டு ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் முட்டி மோதும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எது முதலில் என்பதும் முன்கூட்டியே எழுதி வைத்த லிஸ்ட். ஜெனரேட்டருக்கே வேண்டிய பம்ப்புகள், சுக்கான், தீயணைப்பு, ராடார் என்று போகும். ஏ.ஸி.யும் அடுப்பும் கடைசியில்தான். அட்மிரலே கப்பலில் இருந்தாலும் காபி பிறகுதான்!

இதையெல்லாம் இருட்டிலும் சாய்ந்த தரையிலும் சலிக்கச் சலிக்கப் பழக்கி வைக்கிறார்கள். நம் கடற்படையில் மின்சாரப் பாடத்துக்கென்றே ஜாம்நகரில் ஐ.என்.எஸ். வல்சுரா என்ற பயிற்சி நிலையம் இருக்கிறது. தீ, வெள்ளம், சேதம் சமாளிக்கும் பாடங்களுக்கு லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி. புத்தகத்தில் படித்துப் பாஸ் பண்ணுகிற பாடம் இல்லை இது. கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி ஜெனரேட்டர் பக்கெட்

2000-ம் ஆண்டு அக்டோபர் 12. ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்தில் ‘யு.எஸ்.எஸ். கோல்’ டீசல் நிரப்பிக்கொண்டிருந்தது. மேலே சொன்னேனே, மூன்று ஜெனரேட்டர் ரகம், அதுதான். ஒரு சின்னப் படகு பக்கத்தில் வந்து வெடித்தது. கப்பலின் பக்கவாட்டில் பிரம்மாண்டமான ஓட்டை. 17 மாலுமிகள் இறந்தார்கள்.

மிச்சமிருந்தவர்கள் தண்ணீரோடு போராடினார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரே ஜெனரேட்டரை நம்பிப் பம்ப்புகளை ஓட்டினார்கள். அடுத்த சில ராத்திரிகளில் ஒன்றில் அதுவும் நின்றது. தண்ணீர் மறுபடி ஏற ஆரம்பித்தது.

அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? ஆணும் பெண்ணுமாக இருட்டில் வரிசையாக நின்று, வாளியில் தண்ணீரை மொண்டு கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொட்டினார்கள். கோடிக்கணக்கான டாலர் கப்பல். ஏவுகணை, ராடார், கம்ப்யூட்டர். அன்றைக்கு அதன் பம்ப், கிணற்றடியில் இருக்கிற சாதாரண வாளி! இன்ஜின் பம்ப்பின் குழாயை வெளியே விட வழியில்லை என்று கப்பலின் பக்கத் தகட்டிலேயே ஓட்டை போட்டார்கள். மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலில் ஓட்டை போடுவது யோசனை செய்து போட்ட ஓட்டை என்றால் நல்ல ஓட்டைதான்.

கோல் மூழ்கவில்லை. ஒரு ராட்சசச் சுமைக்கப்பல் அதை முதுகில் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போனது. பழுது பார்த்த பிறகு 2002-ல் மறுபடி கடலுக்குப் போனது.

பூஜ்யத்தின் மகிமை

“இதெல்லாம் குண்டு விழுந்த கதை ஸார். சும்மா இருக்கிற கப்பலில் போகாதில்லையா?”

போகுமே! 1997 செப்டம்பர் 21. அமெரிக்காவின் ‘யார்க்டவுன்’ கப்பல் வர்ஜீனியா கரையோரம் போய்க்கொண்டிருந்தது. ஆட்களைக் குறைத்துக் கம்ப்யூட்டரை வைத்து ஓட்டிப் பார்க்கும் ‘ஸ்மார்ட் ஷிப்’ பரீட்சை. ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் பூஜ்யம் என்று தட்டினார். புரோகிராம் அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்தது. எந்த எண்ணையும் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று நம் ஊர்க் கணக்கு வாத்தியார்கள் காதைத் திருகிச் சொல்லித் தருவார்கள். கம்ப்யூட்டருக்குக் காது இல்லை. நெட்வொர்க் முழுவதும் படுத்துக்கொண்டது. இங்கே கரண்ட் போகவில்லை, மூளைதான் போனது. ஆனால் பலன் ஒன்றுதான். கப்பலைத் தள்ளும் இன்ஜின் நின்று, இரண்டே முக்கால் மணி நேரம் நடுக்கடலில் சும்மா மிதந்தது.

அடுத்தது பிரிட்டிஷ் கதை. ‘டைப் 45’ என்று ஆறு நாசகாரிக் கப்பல்கள். முதலாவதான ‘டேரிங்’ 2009-ல் சேவைக்கு வந்தது. இந்தக் கப்பல்களை ஓட்டுவதே மின்சார மோட்டார். இரண்டு பெரிய காஸ் டர்பைன், துணைக்குத் தலா 2 மெகாவாட்டில் இரண்டு டீசல் ஜெனரேட்டர். பழைய கப்பலில் கரண்ட் போனால் இருட்டு. இதில் கரண்ட் போனால் கப்பலே நிற்கும்.

நின்றது. அந்த டர்பைனோடு சேர்ந்த, வெப்பத்தைக் கையாளும் ஒரு சாதனம், வெயில் பிரதேசக் கடலில் மக்கர் பண்ணியது. டர்பைன் நின்றால் மொத்தப் பளுவும் இரண்டு சின்ன டீசல்கள் தலையில். அவை எங்கே தாங்கும்? குடும்பத்தில் சம்பாதிக்கிற அண்ணனுக்கு வேலை போனதும் பள்ளிக்கூடம் போகிற தம்பியிடம் வீட்டு வாடகை கேட்டால் எப்படி? அவையும் படுத்துக்கொள்ள, கப்பல் முழுக்க இருட்டு. 2016-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கிற அளவுக்கு விஷயம் முற்றியது.

பரிகாரம் என்ன தெரியுமா? கப்பலின் பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு டீசலையும் எடுத்துவிட்டு, தலா 3 மெகாவாட்டில் மூன்று டீசல் வைப்பது. ‘டான்ட்லெஸ்’ என்ற கப்பல்தான் முதலில் இந்த ஆபரேஷன் முடிந்து 2022-ல் கடலுக்குத் திரும்பியது. ஆர்க் ராயல் கமிட்டி கேட்டதும் இதைத்தானே? முதல் வழி போனால் முழுப் பாரத்தையும் தாங்குகிற இரண்டாவது வழி. எண்பது வருஷம் கழித்து, அதே கடற்படை, அதே பாடம், புது ஃபீஸ் கட்டி!

கணக்கு முடிப்பு

ஐந்தொகையில் ரிசர்வ் என்று ஒரு வரி வரும். லாபத்திலிருந்து ஒதுக்கி வைத்தது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பணம் நிஜமாகவே தனியாக எங்கேயாவது இருக்கிறதா, அல்லது தொழிலிலேயே போட்டுச் சுழன்றுகொண்டிருக்கிறதா என்று கேட்டால் பல முதலாளிகள் கூரையைப் பார்ப்பார்கள். தொழில் படுத்தால் ரிசர்வும் சேர்ந்து படுக்கும்.

மேலே சொன்ன கப்பல்களில் கெட்டுப்போனது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாமான். பாய்லர், பிரேக்கர், கம்ப்யூட்டர், டர்பைன். காப்பாற்றியதும் காப்பாற்றியிருக்கக் கூடியதும் என்ன? கரண்டைக் கடன் கேட்காத சாமான்கள். சிலிண்டரில் அடைத்த காற்று. பேசினாலே வேலை செய்யும் போன். வாளி. நூல் சுற்றிய வயர். எல்லாமே விலை குறைந்தவை, பழசானவை. பட்ஜெட்டில் மிச்சம் பிடிக்க உட்காருகிறவர் கண்ணில் முதலில் படுகிறவையும் இவையேதான்.

அப்படிப்பட்டவர் பக்கத்தில் யாராவது ஒரு மாலுமியை உட்கார வைக்க வேண்டும். முழங்கால் அளவு தண்ணீரில், புகையில், ரப்பர் கிளவுஸ் மாட்டிய கையால் வயரின் நுனியைத் தடவி, “ஒண்ணு... ரெண்டு... மூணு. சரியா இருக்கு, ஸ்விட்சைப் போடு” என்று சொல்கிற ஒருவரை. அந்த நூல்கண்டின் விலை என்ன, மதிப்பு என்ன என்று அவர் சரியாகக் கணக்குச் சொல்வார்.